அரக்கு முத்திரை: கேட்டதும் சொன்னதும்

திருகோணமலையில் ஒரு நொத்தாரிசுக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த காலம் முழுக்க உறைகளை மூடி, அரக்கு உருக்கி ஊற்றி, அதில் முத்திரை அழுத்தியவன் நான். இப்போது கல்யாணக் கார்டுகளுக்கு வைத்துக் கொடுக்கிறேன். கேட்டவர்களுக்கு ஒரே இடத்தில் பதில்.

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கை: முத்திரையோடு அரக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறதே?

பித்தளை முத்திரை சூடாகிவிட்டது தங்கச்சி. முதல் இரண்டு மூன்று உறைக்கு அழகாகப் பதியும், அப்புறம் ஒட்டத் தொடங்கும். ஒரு தட்டில் ஐஸ்கட்டி வைத்து, ஒவ்வொரு தடவையும் முத்திரையின் முகத்தை அதில் வைத்துக் குளிரவிடுங்கள். பிறகு துணியால் ஈரத்தை ஒற்றுங்கள்; ஈரம் இருந்தால் அரக்கில் குழி விழும். ஊற்றிய உடனேயும் அழுத்தாதீர்கள். பளபளப்பு லேசாக மங்கட்டும். அழுத்திய பின் கையை எடுத்துவிடுங்கள், முத்திரை தன் பாரத்திலேயே நிற்கட்டும். அரக்கு இறுகியதும் லேசாக அசைத்தால் கழன்று வரும். பிடுங்கினால் பாதி எழுத்து போய்விடும்.

மூதூர்: சாதாரண மெழுகுதிரி போதாதா?

போதாது. உறையில் எண்ணெய்க் கறை படரும், நகம் பட்டாலே உதிரும்.

நிலாவெளி: 300 கார்டுக்கு வைத்துவிட்டு வான் வண்டியில் மட்டக்களப்புக்குக் கொண்டுபோகலாமா?

கொண்டுபோகலாம், வானை வெயிலில் பூட்டி விட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அரக்கு உருகுவதற்கு வெகு முன்பே இளகிவிடும். கச்சான் என்னும் சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய வானின் ஆசனத்தில் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? என்னிடம் வாங்கிய ஒருவர் கார்டுகளைப் பின்கண்ணாடிக்குக் கீழே அடுக்கிப் போனார். போய்ச் சேர்ந்தபோது ஒவ்வொரு கார்டின் முத்திரையும் அடுத்த கார்டின் முதுகில் இருந்தது. இடையில் கேக் சுடும் தாள் வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: மெழுகு முத்திரை என்பதுதானே சரி? ஏன் அரக்கு என்கிறீர்கள்?

அரக்கு மெழுகல்ல ஐயா. அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் பிசின் அது. துரியோதனன் பாண்டவர்களுக்குக் கட்டுவித்தது மெழுகு மாளிகையா? ஐரோப்பாவில் முன்னே தேன்மெழுகுதான். 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து அரக்கு போன பிறகே மாறினார்கள். போர்த்துக்கேய மொழியில் லாக்ரே, டச்சில் லாக். நம் திருகோணமலைக் கோட்டையை ஆண்ட இந்த இரண்டு கூட்டமும் இதை அரக்கின் பெயரால்தான் அழைத்தன.

அதே ஆசிரியர்: இப்போது கடையில் விற்பதில் அரக்கும் இல்லையே?

அதை ஒத்துக்கொள்கிறேன். முக்கால்வாசி பிளாஸ்டிக் சேர்ந்த பசைதான். வளையும், தபால் பையில் உடையாது. கல்யாணக் கார்டுக்கு அது போதும். ஆனால் உடைவதுதான் முத்திரையின் வேலை. திறந்தவன் சத்தமில்லாமல் திரும்ப ஒட்டிவிடக் கூடாது. காப்புறுதிப் பொதியின் அரக்கில் நாணயத்தை அழுத்தி அச்சு வைக்கக் கூடாது என்று இந்தியத் தபால் விதி சொன்னதும் அதனால்தான். நாணயம் எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறதே.

புல்மோட்டை: அண்ணா, சிங்களக் கடைக்காரர் ஒருவரிடம் அரக்கு இருக்கிறதா என்று கேட்டேன். சாராயக் கடைக்கு வழி காட்டினார்!

சரியாகத்தான் காட்டியிருக்கிறார். சிங்களத்தில் அரக்கு என்றால் சாராயம். ‘லாகட’ என்று கேளுங்கள். (ஆசிரியர் ஐயா, மெழுகு என்று கேட்டிருந்தால் மெழுகுதிரிதான் கிடைத்திருக்கும்.)

சீனன்குடா: தமிழ் எழுத்தில் முத்திரை வெட்டலாமா?

தாராளமாக. எழுத்தைப் படமாக்கி அனுப்புங்கள். எழுத்துருவாக அனுப்பினால் ‘கோ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். பித்தளையில் இடவலம் மாறி வெட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கிண்ணியா: முத்திரை ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்ய?

ஐஸ். மேலே இருக்கிறது.

தம்பலகாமம்: கையில் பட்டுவிட்டால்?

பிய்க்க வேண்டாம், தோலும் வரும். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். ஐஸ் முத்திரைக்கு மட்டும். ஒட்டியதை ஆஸ்பத்திரியில் எடுக்கட்டும்.

இன்னொருவர்: கார்டுகளைக் காரில் வைத்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் போய் வரலாமா?

வேண்டாம்.

அவரே: மோட்டார் சைக்கிள் பெட்டியில்?

அங்கேயும் அதே வெயில்தான் தம்பி.