நடக்கறது அப்புறம், மொதல்ல சாப்பாடு

அக்கா, என் பையனுக்கு நாலு வயசு, செரிப்ரல் பால்சி. இந்த ஒரு வருஷத்துல அஞ்சு தடவ நிமோனியான்னு அட்மிட் பண்ணியாச்சு. மாசமா இருக்கறப்ப நான் ஏதோ பண்ணித்தான் இப்படின்னு மாமியார் வீட்ல பேசறாங்க. இவன் நடப்பானா அக்கா? பேர் போட வேணாம்.
- ஒரு அம்மா, தஞ்சாவூர் பக்கம்

அன்பு தங்கச்சிக்கு,

உன் மேல தப்பே இல்லம்மா. செரிப்ரல் பால்சிங்கறது வளர்ற மூளையில ஏற்படற பாதிப்பால உடம்பு அசைவு சிரமமாகறது, அந்தப் பாதிப்பு வயித்துல இருக்கறப்பவும் வரலாம், பிரசவத்துலயும், பொறந்து கொஞ்ச நாள்லயும், குறைமாசம், இன்ஃபெக்‌ஷன், முத்துன மஞ்சக்காமாலைன்னு காரணம் எவ்வளவோ, நெறைய பிள்ளைங்களுக்கு இதுதான் காரணம்னு டாக்டராலயே உறுதியா சொல்ல முடியறதில்ல. அந்தப் பேச்ச வீட்டுக்குள்ள விடாத.

நடப்பானான்னு கேட்டதுக்கு அப்புறம் வர்றேன், அந்த அஞ்சு நிமோனியாதான் என்னை உறுத்திட்டே இருக்கு. எங்க அக்கா பொண்ணுக்கும் இதேதான். மூணு வயசு வரைக்கும் அவள காலை நீட்டி மல்லாக்கப் போட்டு பாலாடையிலதான் கஞ்சி ஊத்துனோம், கைக்குழந்தைக்கு ஊத்தற மாதிரியே, வேற முறை யாருக்கும் தெரியல. ஆஸ்பத்திரில ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சு மட்டுமில்ல, முழுங்கறதையும் பார்க்கறவங்க) வந்து பார்த்துட்டுத்தான் சொன்னாங்க, தல பின்னாடி சாஞ்சிருக்கறப்ப ஊத்தறது மூச்சுக்குழாய்க்குள்ள போகுது, அதுதான் நெஞ்சுல சளியா கட்டுதுன்னு. புரையேறுனா இருமுவாளேன்னு நெனச்சிருந்தோம். சில பிள்ளைங்க இருமவே மாட்டாங்களாம், குரல் ஈரமா ஆகும், கண்ணு கலங்கும், மூச்சு கொரகொரங்கும், ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான் அடையாளம். அதெல்லாம் அவகிட்ட இருந்துச்சு, நாங்க அடம்னு நெனச்சோம். இப்ப எழுதறப்பகூட மனசு கேக்கல.

அதுக்கப்புறம் மூலையில நிமிர்த்தி உக்கார வெச்சு, தாடை லேசா நெஞ்சுப் பக்கம் வர்ற மாதிரி தலைய குனிய வெச்சு, சின்ன ஸ்பூன்ல, ஒரு வாய் இறங்குன பிறகுதான் அடுத்த வாய். சாப்ட்டதும் அரை மணி நேரம் படுக்க விடறதில்ல. உன் பையனுக்கு எவ்வளவு கெட்டியா கொடுக்கலாம்ங்கறத அவன் முழுங்கறதப் பார்த்து தெரபிஸ்ட்தான் சொல்லணும், என்னைப் பார்த்து செய்யாத. வாய் வழியா முடியலன்னு வயித்துல ட்யூப் வைக்கச் சொன்னாங்கன்னா பயந்து ஓடிடாத தங்கச்சி, பிள்ள பசியில்லாம தூங்கும்.

இப்ப நடக்கறது. ரெண்டு வயசுக்குள்ள பிடிமானம் இல்லாம உக்காந்த பிள்ளைங்க பெரும்பாலும் பின்னாடி எப்படியாவது நடந்துடறாங்க, நாலு வயசுலயும் தானா உக்காரலன்னா தனியா நடக்கற வாய்ப்பு ரொம்ப கம்மி. உன்கிட்ட பொய் சொல்ல மனசு வரல. ஆனா ஒழுங்கா உக்கார ஒரு சேர், இடுப்பு எலும்பு விலகாம இருக்கான்னு அப்பப்ப ஒரு எக்ஸ்ரே, இதெல்லாம் இப்பவே பார்க்கணும். எங்க பொண்ணு நடக்கல. கண்ண மேல தூக்குனா ஆமா, மூடிக்கிட்டா வேணாம், அதுல வீட்டையே ஆள்றா.

யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல போய் எழுதிக் கொடு. நிராமயான்னு மத்திய அரசோட நேஷனல் டிரஸ்ட் மருத்துவ இன்ஷூரன்ஸ் ஒண்ணு இருக்கு, வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும், செரிப்ரல் பால்சிக்கு உண்டு, அதையும் கேளு.

அதுக்கும் முன்னாடி, நாளைக்கு நீ ஊட்டறப்ப யாரையாவது போன்ல வீடியோ எடுக்கச் சொல்லு, முதல் வாய்லருந்து கடைசி வாய் வரைக்கும். அடுத்த ரிவ்யூல டாக்டர்கிட்ட அதக் காட்டு.