‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’: அந்த மூன்று மணி நேரப் பதிப்பை இப்போது பார்க்கலாமா?

கேள்வி: 2016இல் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ படத்தைத் தியேட்டரில் பார்த்தேன். ‘மார்த்தா’ காட்சியில் அரங்கமே சிரித்தது, நானும்தான். அதோடு மறந்தாயிற்று. இப்போது என் தம்பி, “நீ பார்த்தது வெட்டிப்போட்ட படம்ணே, முழுசா பாரு” என்று விடாமல் சொல்கிறான். என் 9 வயது மகனும் பார்க்கணும் என்று நிற்கிறான். மூன்று மணி நேரத்தைச் செலவழிக்கலாமா? அதற்கு முன் வேறு படம் ஏதாவது பார்த்திருக்க வேண்டுமா? மகனை உட்கார வைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: பார்க்கலாம். நீளமான பதிப்பையே பாருங்கள். ஆனால் தம்பி சொல்வதில் முக்கால்வாசிதான் சரி. மீதிக் கால்வாசியை இப்போதே சொல்லாவிட்டால், அதே மார்த்தா காட்சியில் மறுபடியும் சிரித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

முதலில் பதிப்பு விவகாரம். 2016 மார்ச் 25, புனித வெள்ளியன்று தியேட்டருக்கு வந்த படம் 2 மணி 31 நிமிடம். அதே ஆண்டு ஜூலையில் டிஸ்க்கில் வந்த ‘அல்டிமேட் எடிஷன்’ 3 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். தேடும்போது தலைப்பை நம்பாதீர்கள், ஓடும் நேரத்தைப் பாருங்கள். 2021இல் இதே நீளப் பதிப்பு, ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகளை முழு உயரத்துக்குத் திறந்து 4கேவில் வந்தது. அது கையில் கிடைத்தால் ஓர் எச்சரிக்கை: சில காட்சிகளில் மேலும் கீழும் இருந்த கறுப்புப் பட்டை மறைந்து இடப்பக்கமும் வலப்பக்கமும் வந்து நிற்கும். டிவிக்கு ஒன்றும் ஆகவில்லை, ரிமோட்டை எடுத்துக் குடையாதீர்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். எடிட்டிங் அறையில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். “அரை மணி நேரம் குறைங்க” என்று மேலிடம் சொல்லும்போது சண்டைக் காட்சியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பணம் அங்கேதான் கொட்டியிருக்கிறது, டிரெய்லரும் அதை வைத்துத்தான் வெட்டியிருக்கிறது. கத்தரி போகிற இடம் “ஏன்?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் சின்னச் சின்னக் காட்சிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தூக்கிப் பார்த்தால் கதை ஓடுவதுபோலத்தான் இருக்கும். எல்லாவற்றையும் தூக்கிய பிறகு பார்த்தால், ஆட்கள் நடமாடுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள், காரணம் மட்டும் காணோம்.

ஆப்பிரிக்கப் பாலைவனக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேனின் காதலியும் நிருபருமான லோயிஸ் பேட்டியெடுக்கப் போன முகாமில் கூலிப்படை சுட்டுத் தள்ளிவிட்டுப் போகிறது, சூப்பர்மேன் வந்து அவளைக் காப்பாற்றுகிறான். அடுத்தது, பழி அவன்மேல். தியேட்டரில் பார்த்தபோது எனக்கு எழுந்த கேள்வி உங்களுக்கும் எழுந்திருக்கும்: தோட்டா பாய்ந்து செத்தவர்களுக்குச் சூப்பர்மேன் எப்படிப் பொறுப்பாவான்? அவனுக்குத் துப்பாக்கி எதற்கு? நீளப் பதிப்பில் அதற்கு ஒரு ஷாட்டிலேயே பதில் இருக்கிறது. கூலிப்படை பிணங்களைக் குவித்து, நெருப்பைப் பீய்ச்சி எரிக்கிறது. கண்ணிலிருந்து வரும் அனலால் அவன்தான் கருக்கினான் என்று ஊர் நம்ப வேண்டுமல்லவா? செனட் குழு முன்னால் சாட்சி சொல்லும் பெண், படத்தின் வில்லன் லெக்ஸ் லூதர் ஏற்பாடு செய்த பொய்ச் சாட்சி என்பதும், அவள் மனம் பொறுக்காமல் செனட்டரிடமே போய் உண்மையைச் சொல்வதும், அதற்காக ரயில் முன்னால் தள்ளிக் கொல்லப்படுவதும் இந்தப் பதிப்பில்தான் இருக்கின்றன. அவளாக நடித்த வுன்மி மொசாக்குவுக்குத் தியேட்டர் பதிப்பில் மிஞ்சியது சொற்பம்.

அடுத்து கிளார்க், அதாவது சாதாரண உடையில் இருக்கும் சூப்பர்மேன். தியேட்டரில் நாம் பார்த்த சூப்பர்மேன் எந்நேரமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வானத்தில் மிதந்தான். நீளப் பதிப்பில் அவன் நிருபர் வேலையும் பார்க்கிறான். விளையாட்டுச் செய்திக்காக அனுப்பப்பட்டவன், அதை விட்டுவிட்டுக் கோத்தம் நகரத்துச் சந்துகளில் பேட்மேனைப் பற்றி விசாரிக்கிறான். பேட்மேன் சூடு போட்டு அனுப்பியவன் சிறையில் செத்துப்போகிறான். அவனோடு வாழ்ந்த பெண்ணைக் கிளார்க் சந்திக்கிறான். பேட்மேனைப் பேச்சு நிறுத்தாது, அடிதான் நிறுத்தும் என்கிற தொனியில் அவள் சொல்லிவிட்டுப் போகிறாள். பணக்காரன் ஒருத்தன் முகமூடி போட்டுக்கொண்டு ஏழைகள் இருக்கும் பக்கம் மட்டும் தர்ம அடி கொடுக்கிறான் என்ற கோபம் கிளார்க்குக்கு எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் விளங்கும். இரண்டு பேரும் மோதுவதற்குக் காரணம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். தியேட்டர் பதிப்பில் பேட்மேன் பக்கம் மட்டும்தான் இருந்தது.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம், நாடாளுமன்றக் கட்டடத்தில் நடக்கும் விசாரணை. ஹாலி ஹன்டர் செனட்டராக வருகிறார். பேசிக்கொண்டே இருக்கிறவரின் பார்வை மேசையில் இருக்கும் ஒரு கண்ணாடி ஜாடிமேல் விழுகிறது. ‘பாட்டியின் பீச் டீ’ என்று லேபிள். உள்ளே இருப்பது டீ அல்ல. முன்னொரு காட்சியில் தானே லெக்ஸிடம் சொன்ன பேச்சு அது என்பது அவருக்கு உறைக்கிறது. வாய் குழறுகிறது, நாக்கு வார்த்தையில் தடுக்குகிறது, சபை ஏதும் புரியாமல் பார்க்கிறது. பின்னணி இசைகூட ஒதுங்கி நிற்கிறது. அப்புறம் குண்டு. சூப்பர் ஹீரோ படத்தில் ஒரு ஜாடியை வைத்துக்கொண்டு இப்படி வயிற்றைக் கலக்கியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. வெடித்த பிறகு, தியேட்டர் பதிப்பில் சூப்பர்மேன் தீக்கு நடுவே சோகமாக நின்றுவிட்டுக் காணாமல் போவான். “இத்தனை பேர் செத்துக் கிடக்கும்போது என்னப்பா பார்த்துக்கிட்டு நிக்கிறே?” என்று எரிச்சல் வரும். நீளப் பதிப்பில் அவன் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். குண்டு இருந்த சக்கர நாற்காலிக்கு உள்ளே ஈயம் பூசியிருந்ததால்தான் அவன் கண்ணுக்கு அது தெரியவில்லை என்பதை லோயிஸ் பிறகு கண்டுபிடிக்கிறாள். இந்தச் சில நிமிடங்கள் இல்லாததால் கதாநாயகனுக்கு எவ்வளவு கெட்ட பெயர்!

தம்பியிடம் சொல்ல வேண்டிய கால்வாசி இங்கே தொடங்குகிறது. மார்த்தா காட்சியை எந்தப் பதிப்பும் சரிசெய்யவில்லை.

யோசனை நல்ல யோசனை. புரூஸின், அதாவது பேட்மேனின், அப்பா சாகும்போது கடைசியாகச் சொன்ன பெயர் மார்த்தா, அவன் அம்மாவின் பெயர். காலடியில் கிடக்கும் வேற்றுக்கிரகத்தான் சூப்பர்மேனும் அதே பெயரைச் சொல்கிறான்; லெக்ஸ் கடத்தி வைத்திருக்கும் அவன் அம்மாவின் பெயரும் அதுதான். அந்த நொடியில் புரூஸுக்குத் தெரிகிறது: அன்று சந்தில் துப்பாக்கியோடு நின்று தன் பெற்றோரைச் சுட்டவனின் இடத்தில் இன்று ஈட்டியோடு நிற்பது தான்தான் என்று. பெற்ற தாயை யாராவது பேர் சொல்லுவார்களா என்றுதானே நம் ஊரில் எல்லோரும் கேட்டார்கள்? அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. தான் சாகப்போகிறோம் என்று நினைத்து, காப்பாற்ற வேண்டியவரின் பெயரைக் கொல்லப்போகிறவனிடம் சொல்லிவிட்டுப் போகிறான். எழுத்தில் இது நிற்கும். படமாக்கியதில்தான் சொதப்பல். “ஏன் அந்தப் பேரைச் சொன்னே?” என்று பேட்மேன் திரும்பத் திரும்பக் கத்துகிறான். லோயிஸ் ஓடி வந்து, அது அவனுடைய அம்மா பெயர் என்று உரை எழுதுகிறாள். பேட்மேனாக நடித்த பென் அஃப்லெக்கின் முகத்தை அப்படியே பத்து நொடி விட்டிருந்தால் போதும். அடுத்த நிமிஷமே ஈட்டியை வீசிவிட்டு, உங்கம்மாவுக்கு நான் பொறுப்பு என்று கிளம்பிவிடுகிறான். இரண்டு மணி நேரம் ஊறவைத்த பகையை இரண்டு நிமிஷத்தில் வடித்துக் கொட்டினால் சிரிப்பு வராமல் என்ன வரும்?

ஜெஸ்ஸி ஐசன்பர்க்கின் லெக்ஸும் அப்படியேதான் இருக்கிறார். பிடிக்காதவர்களுக்கு இப்போது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கிடைப்பார். கடைசிச் சண்டை அன்று போலவே இரைச்சல். வொண்டர் வுமன் வந்து இறங்கும் இடம் விதிவிலக்கு. அந்த இசையைக் கேட்டால் இன்றைக்கும் நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

இன்னொரு சௌகரியமும் இப்போது உங்களுக்கு உண்டு. 2016இல் இது, வரிசையாக வரவிருந்த டிசி சூப்பர் ஹீரோ படங்கள் என்ற பெரிய மாளிகைக்குப் போட்ட அஸ்திவாரம் என்ற கணக்கில்தான் எடைபோடப்பட்டது. உலகம் முழுக்க ஏறக்குறைய 87 கோடி டாலர் வசூல் செய்தும், அமெரிக்காவில் இரண்டாம் வாரக் கடைசியில் வசூல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சரிந்ததால் எல்லோருக்கும் பதற்றம். மாளிகை எழும்பவில்லை. 2017 ‘ஜஸ்டிஸ் லீக்’ கைமாறிக் கெட்டது, இந்தப் படத்தின் இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் நான்கு மணி நேரப் பதிப்பு 2021இல் வந்தது, 2025இல் வேறொரு நடிகர் வேறொரு சூப்பர்மேனாக வந்துவிட்டார். அன்று ஆவலைத் தூண்டிய அந்த மின்னஞ்சல் காட்சி, அதுதான் ஃபிளாஷையும் அக்குவாமேனையும் கணினியில் ஒவ்வொருவராகத் திறந்து காட்டுவது, இன்று மூடிய கடையின் போர்டைப் படிப்பதுபோல இருக்கும். அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு மனிதன் வெறுப்பில் கெட்டுப்போய்த் திரும்பும் தனிக்கதையாகப் பாருங்கள். முதல் காட்சிகளில் தியேட்டர் வாசலில் ‘எக்ஸ்கேலிபர்’ படத்தின் பெயர் தெரியும், கண்ணை வையுங்கள். ஆர்தர் மன்னனும் மோர்ட்ரெட்டும் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் அந்தப் படத்து முடிவுதான் இந்தப் படத்தின் முடிவும்.

முன்னால் பார்க்க வேண்டியது 2013இல் வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’. முழுதும் பார்க்க நேரமில்லை என்றால் கடைசி முக்கால் மணி நேரம். நகரம் நொறுங்குவதை அங்கே வானத்திலிருந்து பார்ப்பீர்கள். இந்தப் படம் அதே நாளைத் தரையிலிருந்து காட்டித் தொடங்குகிறது. புழுதிக்குள் ஓடிவரும் புரூஸ் ஒரு சிறுமியைக் காப்பாற்றி, அம்மா எங்கே என்று கேட்கிறான். அவள் விரல் நீட்டும் இடத்தில் கட்டடம் இல்லை.

மகன் விஷயம்: வேண்டாம். நீளப் பதிப்புக்கு அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். எரியும் பிணங்கள், உடம்பில் பழுக்கக் காய்ச்சிப் போடும் சூடு, பேட்மேனே ஆட்களைக் கொல்வது எல்லாம் உண்டு. ரத்தத்தைவிட, ஒன்பது வயதுக்கு இதன் இருட்டும் மெதுவும் தாங்காது. 1978இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த ‘சூப்பர்மேன்’ போட்டுக் கொடுங்கள், கூடவே நீங்களும் உட்காருங்கள்.

அவன் தூங்கிய பிறகு இதைத் தொடங்குங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. நாடாளுமன்ற வெடிப்பு ஏறக்குறைய நடுவில் வருகிறது, அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். தண்ணீர் குடிக்கப் போவதாக இருந்தால் மட்டும் ஜாடி மேசைக்கு வருவதற்கு முன்னாலேயே போய்விட்டு வந்துவிடுங்கள்.