பரம்பரையை மறைத்து எழுதிய ஒப்படை

கேள்வி: நான் மலையகத்தில், பொகவந்தலாவையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கொழும்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன்; வெள்ளவத்தையில் போர்டிங். பஸ்ஸில் தொலைபேசியில் தமிழில் பேசியதற்கு ஒருவர் என்னை அதட்டினார். அதைவிட, கூடத் தங்கியிருக்கும் தமிழ்ப் பெண்களே என் பேச்சைக் கேட்டு "தோட்டக்காடு" என்று சிரித்தது வலித்தது. அன்றுமுதல் ஊர் கண்டி என்கிறேன். குடும்பப் பரம்பரை பற்றிய ஒப்படையிலும், தாத்தா கண்டியில் கடை வைத்திருந்தார் என்று எழுதிவிட்டேன். கொழுந்து பறித்து என் அம்மாவைப் படிக்கவைத்த அம்மாயியின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

பதில்:

அன்பான மகளுக்கு,

1983 ஜூலையில், தமிழருக்கெதிரான கலவரத்தின்போது, நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு, வாய் திறவாமல் கொழும்பின் காலி வீதியில் நடந்தவர்களில் நானும் ஒருத்தி. உயிருக்கு அஞ்சி அடையாளத்தை மறைப்பது குற்றமன்று. ஆகவே, துணையில்லாத இடத்தில் அதட்டுகிறவரோடு வாதாட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தவறு செய்தவர் அவர், நீங்கள் அல்லர்.

போர்டிங்கில் நடந்தது வேறு. அங்கே நீங்கள் மறைத்தது உயிருக்கு அஞ்சியன்று, சிரிப்புக்கு அஞ்சி. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். என் சிறுவயதில் எங்கள் வீட்டில் மலையகத்துச் சிறுமி ஒருத்தி வேலைக்கு இருந்தாள். அவளுடைய கோப்பை மட்டும் பின்கட்டில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். சிங்களவர் எங்களை இழிவாகப் பேசும்போது கொதித்த அதே வீட்டில், அந்தக் கோப்பையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

உங்கள் தோழிகளுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்காது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்ட மக்கள் சார்பில் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. இந்த அநீதியை எதிர்த்தே செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். வடக்குத் தமிழர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அரசியலுக்கு வித்தாக அமைந்தவற்றுள் உங்கள் அம்மாயியின் மக்களுக்கு நேர்ந்ததும் ஒன்று என்று அவர்களிடம் சொல்லுங்கள். கோபமில்லாமல், ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகும் சிரித்தால் வேறு அறை தேடுவதில் வெட்கமில்லை.

ஒப்படையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை: விரிவுரையாளரிடம் உண்மையைச் சொல்லி, மீண்டும் எழுத அனுமதி கேளுங்கள். புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை. விடுமுறைக்குப் போகும்போது அம்மாயியின் பக்கத்தில் உட்காருங்கள். மூதாதையர் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து, தோட்ட வேலைக்கு ஆள் திரட்டிய எந்தக் கங்காணியோடு வந்தார்கள்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இரண்டு அரசுகளும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டபோது, உங்கள் லயத்திலிருந்து, அந்த வரிசை வீடுகளிலிருந்து, யார் யார் கப்பலேறினார்கள், யார் அழுதுகொண்டு நின்றார்கள்? அம்மாயிக்குப் பிரஜாவுரிமை எந்த ஆண்டில் கிடைத்தது, முதன்முதலாக வாக்குப் போட்ட நாளில் என்ன சேலை உடுத்தியிருந்தார்? இவற்றில் பலவற்றுக்கு எந்த நூலகத்திலும் பதில் கிடைக்காது. தகரப் பெட்டியில் பழைய பிறப்புச் சான்றிதழோ கடவுச்சீட்டோ இருந்தால் படமெடுத்து வையுங்கள். லயத்துக் கூரை ஒழுகினால் காகிதம் தாங்காது.

அவர் பேசுவதைப் பேசுகிறபடியே எழுதுங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பதை "பெரட்டு" என்றால் பெரட்டு, அன்றைய வேலை கணக்கில் பதிவானதைப் "பேர் விழுந்தது" என்றால் பேர் விழுந்தது. உங்கள் தோழிகள் சிரித்த பேச்சு அதுதான். அதைத் திருத்திவிட வேண்டாம். கண்டிக் கடையைப் பற்றி அவரிடம் சொல்வதா என்று கேட்பீர்கள். சொல்லுங்கள், ஆனால் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்த பிறகு. தன் கதையை எழுத வந்திருக்கும் பேத்தியை அவர் கோபிக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.