−3/4, −2/3 இரண்டில் எது பெரியது? மாணவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

3/4 பெரியது என்று சரியாகச் சொல்லும் பிள்ளைகள்தான் −3/4-ஐயும் பெரியது என்று சொல்லிவிடுகிறார்கள். அதனால் விதிக்கு முன்னால் எண்கோட்டை வரையுங்கள். 0-க்கும் −1-க்கும் இடையே 12 சம பாகம் போடச் சொல்லுங்கள். −3/4 என்பது −9/12. −2/3 என்பது −8/12. இரண்டையும் அவர்களே குறிக்கட்டும். −8/12 வலப்பக்கம் இருக்கிறது, வலப்பக்கம் இருப்பதுதான் பெரியது. இதைக் கையால் குறித்த பிள்ளைக்குக் குழப்பம் வருவது குறைவு.

அப்புறம், எல்லாவற்றுக்கும் பகுதியை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணை, சமமாக்க வேண்டியதில்லை. குறை எண், பூச்சியம், மிகை எண் என்று முதலில் பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். 5/11, 4/7 என்று வந்தால் அரையோடு ஒப்பிடலாம்: 11-இல் பாதி 5.5, ஆகவே 5/11 அரைக்குக் கீழே. 7-இல் பாதி 3.5, 4/7 அரைக்கு மேலே. இந்தப் பார்வை வளர்வதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

குறுக்குப் பெருக்கலை, அதாவது ஒரு பின்னத்தின் தொகுதியை (மேல் எண்ணை) மற்றதன் பகுதியால் பெருக்கி ஒப்பிடுவதை, கடைசியில் சொல்லிக்கொடுங்கள். அதில் ஒரு பள்ளம் உண்டு. 3/(−5), −4/7 இரண்டையும் அப்படியே குறுக்கே பெருக்கினால் 21, 20 வரும். 3/(−5) பெரியது என்று தோன்றும். அது தவறு. பகுதியில் உள்ள குறைக் குறியை முதலில் தொகுதிக்கு மாற்றி −3/5 என்று எழுத வேண்டும். இப்போது −21, −20 வரும். −4/7 தான் பெரியது.