பேக்கரிப் பலகாரமும் உடற்பருமனும்: உணவியல் ஆலோசகரின் பதில்கள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, இல்லத்தரசி): வணக்கம் மேடம். என் எடை 84 கிலோ. நேந்திரம் சிப்ஸ், பாக்கெட் பிஸ்கட், பேக்கரி பப்ஸ் மூன்றும் ஒரே அளவு கெடுதலா?

பதில்: இல்லை அம்மா. பிரேசில் நாட்டுச் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கார்லோஸ் மான்டீரோ குழுவினர் வகுத்த நோவா வகைப்பாடு, உணவில் எவ்வளவு சத்து உள்ளது என்பதைக் காட்டிலும் அது எப்படிச் செய்யப்பட்டது என்பதையே பார்க்கிறது. கடைக்காரர் நம் கண்ணெதிரே காயைச் சீவி, தேங்காய் எண்ணெயில் பொரித்து, உப்பும் மஞ்சளும் மட்டும் சேர்த்துத் தரும் சிப்ஸ் அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு ஆகாது. ஆனாலும் எண்ணெய் குடித்த பண்டம் என்பதால் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்: குளுக்கோஸ் சிரப், பாமாயில், எமல்சிஃபையர் (எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்க்கும் பொருள்), செயற்கை நறுமணம் என்று நம் வீட்டுச் சமையலறையில் இல்லாதவை வரிசையாக இருக்கும். இதுதான் அதிகம் பதப்படுத்தப்பட்ட தொழிற்சாலை உணவு. மார்கரின் (வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படும் செயற்கைக் கொழுப்பு) தடவி அடுக்கிய பப்ஸையும் அந்தக் கணக்கிலேயே சேருங்கள்.

கேள்வி (வேலந்தாவளம், பள்ளி ஆசிரியர்): சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியவை தொழிற்சாலை உணவிலும் வீட்டுச் சமையலிலும் சமமாக இருந்தால், தொழிற்சாலை உணவு மட்டும் எப்படி எடையைக் கூட்டும்?

பதில்: இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் ஐயா. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலை உணவும் இரண்டு வாரம் எளிய சமையலும் பரிமாறி, 2019இல் முடிவை வெளியிட்டனர். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு எல்லாம் ஏறக்குறைய சமம். வேண்டுமளவு உண்ணலாம் என்பதே விதி. தொழிற்சாலை உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடினர். எளிய சமையலில் அதே அளவு குறைந்தனர். மென்மையான உணவு வேகமாக உள்ளே போய்விடுகிறது, வயிறு நிறைந்ததை மூளை உணர்வதற்குள் தட்டு காலியாகிவிடுகிறது என்பது ஒரு முக்கிய விளக்கம். எடை கூடியவரைப் பார்த்து, நாக்கைக் கட்டத் தெரியாதவர் என்று ஏசுவது பெரும் அநியாயம் என நான் சொல்வது இதனால்தான்.

லண்டனில் 55 பேரிடம் நடந்து 2025இல் வெளியான ஆய்வில், அரசு பரிந்துரைத்த சத்து அளவுகளுக்கு உட்பட்ட தொழிற்சாலை உணவை உண்டபோதும் எடை குறையவே செய்தது. ஆனால் எட்டு வாரத்தில் அது ஒரு சதவீத அளவில் நிற்க, எளிய உணவில் இரண்டு சதவீதத்தை எட்டியது.

கேள்வி (வாளையாறு, லாரி ஓட்டுநர்): என் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு) 26தான். பருமன் என்று டாக்டர் சொல்கிறாரே?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார் தம்பி. இந்தியர்களுக்கு 25 முதலே பருமன் என்று கொள்கிறோம், ஏனெனில் நமக்குக் கொழுப்பு பெரும்பாலும் வயிற்றிலும் ஈரலிலும் சேர்ந்து, இன்சுலின் வேலை செய்வதைத் தடுத்து, டிரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை.

கேள்வி (கோபாலபுரம், கல்லூரி மாணவி): மாலைப் பசிக்குப் பப்ஸுக்குப் பதிலாக என்ன சாப்பிடலாம்?

பதில்: கொண்டைக்கடலைச் சுண்டல், அவித்த நேந்திரம்பழம் பாதி, உப்புக் குறைத்த மோர்.

கேள்வி (மீனாட்சிபுரம், மகள்): சர்க்கரை நோயுள்ள அப்பா, பிஸ்கட்டையும் ஹெல்த் டிரிங்கையும் நாளையே நிறுத்திவிடுவதாகச் சொல்கிறார். நிறுத்தலாமா?

பதில்: நல்ல முடிவு அம்மா. ஆனால் அவர் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராயின், உணவு சட்டென்று குறையும்போது ரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரக்கூடும். ஆகவே முதலில் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்த பின்பே உணவை மாற்றுங்கள். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் அவரை விடாதீர்கள்.