ஓவன்ல பேக் பண்ணாம வீட்லயே தேங்காய் சாக்லேட் பண்றது எப்படி? எனக்கு ரெண்டு தடவையும் கெட்டுப்போச்சு

நீங்க எழுதினதை நிதானமா படிச்சேங்க. முதல் தடவை உருக்கும்போதே சாக்லேட் மண்ணு மாதிரி திரிஞ்சு கட்டியாயிடுச்சு, ரெண்டாவது தடவை நல்லா வந்துச்சு ஆனா மூணாம் நாளே உள்ள இருந்த தேங்காய் புளிச்ச வாடை அடிச்சுதுன்னு சொல்லியிருக்கீங்க. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணேதான், தண்ணி. அதை மட்டும் சரி பண்ணிட்டா இந்தப் பண்டம் கண்டிப்பா உங்களுக்கு வரும், ஓவன் வேணாம், மோல்டுகூட வேணாம்.

நான் குன்னூர்ல இருக்கேன். கடையெல்லாம் கிடையாது, தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் சொந்தக்காரங்க, அக்கம்பக்கம்னு குடுக்கறதுக்கு வருஷா வருஷம் ரெண்டு மூணு கிலோ பண்றேன், 11 வருஷமாச்சு. ஊட்டி கமர்ஷியல் ரோட்டுல ஆரம்பிச்சு எங்க ஊர் பெட்போர்டு வரைக்கும் எங்க பார்த்தாலும் ஹோம்மேட் சாக்லேட் போர்டு தொங்குது இல்லையா, அதுக்கு முக்கிய காரணமே இந்தக் குளிர்தான், ஊத்தி வெச்சா தானா இறுகிடும். ஆனா தேங்காயும் இங்க விளையாது, கோகோவும் விளையாது. ரெண்டும் கீழ பொள்ளாச்சிப் பக்கம் ஒரே தோப்புல நிக்கும், தென்னை நிழல்ல ஊடுபயிரா கோகோ போடுவாங்க, அங்க பக்கத்துல பக்கத்துல நின்னதை நாங்க இங்க கிண்ணத்துல ஒண்ணு சேர்க்கறோம், அதை நினைச்சா எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம்.

சரி, தேங்காய்க்கு வருவோம். நீங்க துருவின பச்சைத் தேங்காயை அப்படியே போட்டிருக்கீங்க, அதுதான் புளிச்சதுக்கு காரணம். பச்சைத் தேங்காய்ல கிட்டத்தட்ட பாதி தண்ணிங்க. கடையில விக்கற டெசிகேட்டட் கோகனட்ல (காய வெச்ச தேங்காய்த்தூள்) 3 சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் இருக்கும். தேங்காயைப் பிசைய ஊத்தற கண்டென்ஸ்டு மில்க் (சர்க்கரை போட்டு சுண்ட வெச்ச பால்) மாசக்கணக்கா கெடாம இருக்கறதுக்கு அதுல இருக்கற சர்க்கரைதான் காரணம், இருக்கற கொஞ்ச தண்ணியையும் சர்க்கரை பிடிச்சு வெச்சுக்கும், பூஞ்சைக்கு குடுக்காது. நீங்க பச்சைத் தேங்காயைப் போட்டதும் அந்த சர்க்கரை நீர்த்துப் போயிடுது, மேல சாக்லேட் மூடிட்டதால ஈரம் வெளியவும் போக முடியாது, அப்புறம் புளிக்காம என்ன பண்ணும்?

அதனால முதல்ல டெசிகேட்டட்லயே பண்ணுங்க. 200 கிராம் தேங்காய்த்தூள், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், ஒரு சிட்டிகை உப்பு (உப்பை விட்றாதீங்க, அது இல்லன்னா வெறும் இனிப்பா திகட்டிடும்). மில்க்கை மொத்தமா கொட்டாம முதல்ல 150 கிராம் ஊத்தி பிசைஞ்சு பாருங்க, கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், விரலை எடுத்தா ஒட்டக்கூடாது, உதிர்ந்தா மட்டும் மீதியை கொஞ்சம் கொஞ்சமா சேருங்க. மூடி ஒரு 20 நிமிஷம் அப்படியே விட்டா தூள் ஊறி தானா கெட்டியாகும், நிறைய பேர் அந்த 20 நிமிஷம் பொறுக்காம இன்னும் தூளைக் கொட்டி மரத்தூள் மாதிரி ஆக்கிடறாங்க. பெரிய நெல்லிக்காய் சைஸுக்கு உருட்டினா 25 உருண்டைக்கு குறையாம வரும்.

இல்ல, எனக்கு பச்சைத் தேங்காய் ருசிதான் வேணும்னா (எங்க அத்தைக்கும் அதுதான் பிடிக்கும்) கறுப்புத் தோலை சீவிட்டு வெள்ளையை மட்டும் துருவி, மிக்ஸியில தண்ணி விடாம ஒரு சுத்து சுத்தி, அடிகனமான கடாயில சின்ன தீயில நிறம் மாறாம கிளறிக்கிட்டே இருங்க. முதல்ல ஆவி வரும், ஆவி நின்னதும் தேங்காய் கடாயில சரசரன்னு சத்தம் போட ஆரம்பிக்கும், அந்த சத்தம்தான் அடையாளம். அப்புறம் கண்டென்ஸ்டு மில்க் ஊத்தி பர்ஃபிக்கு கிளற மாதிரி ஓரத்துல ஒட்டாம சுருண்டு வர்ற வரைக்கும் கிளறி, நல்லா ஆற வெச்சு உருட்டுங்க. இப்படிப் பண்ணாலும் ஃப்ரிட்ஜுல வெச்சு 3, 4 நாளைக்குள்ள தீர்த்துடணும்.

இனி சாக்லேட். ஆரம்பத்துக்கு டார்க் காம்பவுண்ட் வாங்குங்க, 300 கிராம் போதும். காம்பவுண்டுன்னா கோகோ பட்டருக்கு பதிலா வேற தாவரக் கொழுப்பு போட்டது, உருக்கி ஆற வெச்சாலே பளபளன்னு இறுகிடும். நிஜ சாக்லேட்டுக்கு டெம்பரிங் பண்ணணும், 45 டிகிரி வரை உருக்கி, 27க்கு இறக்கி, திரும்ப 31க்கு ஏத்தணும், தெர்மாமீட்டர் இல்லாம அதுல இறங்காதீங்க. ரெண்டையும் கலக்கவும் கூடாது, அந்த ரெண்டு கொழுப்பும் ஒண்ணோட ஒண்ணு சேராது, நாலு நாள்ல மேல வெள்ளையா பூத்துடும்.

உங்க சாக்லேட் ஏன் திரிஞ்சுதுன்னா, பால் பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்க விட்டு மேல சின்ன கிண்ணத்தை வெச்சேன்னு எழுதியிருக்கீங்க, அங்கதான் விஷயம். ஓரத்துல கிளம்பின ஆவி கிண்ணத்துக்குள்ள இறங்கியிருக்கும். சாக்லேட்ல இருக்கற சர்க்கரையும் கோகோவும் கொழுப்புக்குள்ள காய்ஞ்ச பொடியா மிதக்குது, ரெண்டு சொட்டு தண்ணி பட்டா போதும், சர்க்கரை நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு மொத்தமும் கட்டியாயிடும். கழுவின கரண்டியை சரியா துடைக்காம போட்டு எனக்கே அரை கிலோ போயிருக்கு, அன்னையில இருந்து சாக்லேட்டுக்குன்னு ஒரு மரக்கரண்டி தனியா வெச்சிருக்கேன், அது தண்ணியே பார்க்காது, துணியால துடைக்கறதோட சரி.

அதனால பாத்திரத்தை விட அகலமான கிண்ணமா எடுங்க, அடி தண்ணியில படக்கூடாது, தண்ணி சூடானதும் அடுப்பை அணைச்சுட்டு அப்புறம்தான் கிண்ணத்தை மேல வைக்கணும். சாக்லேட்டை பொடியா நறுக்கியிருந்தா அந்த சூடே தாராளம். மூடி மட்டும் போட்டுறாதீங்க. உருகினதும் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டா மெல்லிசா படியும் (மார்கழியில எங்க வீட்ல எண்ணெய் பாட்டிலை அடுப்பு பக்கத்துல வெச்சாத்தான் ஊத்தவே முடியும், அவ்வளவு உறைஞ்சிருக்கும்).

அடுத்து முக்குறது. இதுல ஒரு தப்பு நடக்கும், முன்னாடியே சொல்லிடறேன். என் பொண்ணு ஒண்ணாவது படிக்கும்போது பிறந்தநாளுக்கு கிளாஸுக்கு குடுக்க 60 உருண்டை உருட்டி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு விடியக்காலையில எடுத்து அப்படியே முக்கினேன், அழகா இறுகிச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு டப்பாவைத் திறந்தா ஒவ்வொண்ணுலயும் முடி மாதிரி விரிசல், அது வழியா வெள்ளையா தேங்காய் பிதுங்கிட்டு நிக்குது. பொண்ணு பார்த்துட்டு ஒண்ணும் சொல்லல, அதுதான் எனக்கு தாங்கல. உள்ள இருக்கறது சில்லுன்னு சுருங்கியிருக்கும்போது மேல சாக்லேட் இறுகிடுது, அப்புறம் உள்ளது சூடு ஏறி விரியும், மேல இருக்கறது விரியாது, வெடிச்சுடும். உருண்டை ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் முக்குங்க. முள்கரண்டி மேல வெச்சு முக்கி எடுத்து, கிண்ண ஓரத்துல ரெண்டு தட்டு தட்டி வடிய விட்டு பட்டர் பேப்பர்ல இறக்குங்க.

நீங்க ஈரோடு, அங்க வெயிலுக்கு தானா இறுகாது, அதனால ஒரு 15 நிமிஷம் ஃப்ரிட்ஜுல வைக்கலாம், அதுக்கு மேல வேணாம். பெரிய டப்பாவுல போட்டு மூடி வெச்சிருந்தா வெளிய எடுத்ததும் திறக்காதீங்க. சில்லுன்னு இருக்கறது மேல காத்துல இருக்கற ஈரம் முத்து முத்தா படிஞ்சு, சர்க்கரையை கரைச்சு, காய்ஞ்சப்புறம் சொரசொரப்பா வெள்ளையா நிக்கும். அரை மணி நேரம் வெளிய இருக்கட்டும், அப்புறம் திறங்க. எங்களுக்கு இந்தத் தொல்லை ஃப்ரிட்ஜே இல்லாம வரும், ஐப்பசி மழையில துணியே காயாது. காலையில உப்பு ஜாடியைத் திறந்து பார்ப்பேன், உப்பு கசிஞ்சிருந்தா அன்னைக்கு சாக்லேட்ல கை வைக்க மாட்டேன், தீபாவளி நாளைக்கே இருந்தாலும் சரி.

டெசிகேட்டட்ல பண்ணது காத்து போகாத டப்பாவுல ரெண்டு வாரம் தாராளமா இருக்கும்.

அப்புறம் அந்த முதல் தடவை கட்டியான சாக்லேட்டை இன்னும் தூக்கிப் போடலைன்னா வெச்சிருங்க. கொஞ்சம் தண்ணி பட்டாத்தான் திரியும், நல்லா தண்ணி விட்டா திரும்ப இளகிடும். கொதிக்கற பாலை ஒவ்வொரு ஸ்பூனா விட்டு வேகமா கலக்குங்க, குழம்பு மாதிரி வரும். முக்க உதவாது, ஆனா மாரி பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டு பிசைஞ்சு, பட்டர் பேப்பர்ல சப்பாத்தி மாதிரி தட்டி, நடுவுல இதே தேங்காய்க் கலவையைப் பரப்பி பாய் மாதிரி சுருட்டி, ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜுல வெச்சு வட்டம் வட்டமா நறுக்குங்க. எங்க வீட்ல உருண்டையை விட இதுக்குத்தான் முதல்ல கை போகும்.