வெள்ள நீருக்கும் மலையோடைக்கும் ஒரே ஃபில்டர் போதுமா?

கையடக்கக் குடிநீர் ஃபில்டர்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு நீர்த்தரப் பகுதியில் பதில்

கேள்வி: 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மின்சாரமும் கேன் தண்ணீரும் இல்லாமல் திண்டாடினோம். உறிஞ்சுகுழல் போன்ற ஒரு ஃபில்டர் இணையத்தில் விற்கப்படுகிறது; 99.9999 சதவீத பாக்டீரியாக்களை அது நீக்கும் என்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒன்று வாங்கி வைத்தால், அவசரத்துக்கு வெள்ள நீரையே குடித்துக்கொள்ளலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கூடாது. விளம்பரத்தில் உள்ள எண் உண்மையாகவே இருக்கலாம். பத்து லட்சம் பாக்டீரியாக்களில் ஒன்றுதான் தப்பிச் செல்லும் என்பது அதன் பொருள். ஆனால் அந்த எண் பாக்டீரியாவுக்கு மட்டுமே உரியது என்பதை வாங்குபவர்கள் கவனிப்பதில்லை.

இக்குழலுக்குள் நூல் போன்ற இழைகள் கற்றையாக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் இழையும் நடுவே துவாரம் உள்ள ஒரு மெல்லிய குழாய். அதன் சுவரில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவுள்ள நுண்துளைகள் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா 8 முதல் 12 மைக்ரான் வரையும், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 மைக்ரான் வரையும் இருப்பதாலும், காலரா, டைபாய்டு கிருமிகளும் இந்தத் துளைகளை விடப் பருமனானவை என்பதாலும், இவையெல்லாம் வெளியிலேயே தங்கிவிடும். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களோ ஏறத்தாழ 0.03 மைக்ரான், குழந்தைகளைப் பாடாய்ப் படுத்தும் ரோட்டா வைரஸ் ஏறத்தாழ 0.07 மைக்ரான். இவை தாராளமாக உள்ளே புகுந்துவிடும்.

நகரத்தில் தேங்கும் வெள்ளம் பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் நிரம்பி வழிந்து கலந்த நீர். மனிதக் கழிவு கலந்த நீரில்தான் இந்த வைரஸ்கள் மிகுதியாக இருக்கும். போதாக்குறைக்கு, மூழ்கிக் கிடக்கும் வண்டிகளின் எண்ணெயும், கடைகளிலிருந்தும் பட்டறைகளிலிருந்தும் வரும் ரசாயனங்களும் அதில் சேர்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியதைச் சென்னைவாசியான உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கரைந்த ரசாயனங்களை இந்த இழைகள் தடுப்பதில்லை. கொதிக்க வைத்தாலும் அவற்றில் பல போவதில்லை. ஆகவே தெருவில் நிற்கும் நீரை எந்தக் கருவியைக் கொண்டும் குடிநீராக்க முயல வேண்டாம். மாடித் தொட்டியில் மிஞ்சியிருக்கும் நீர், மொட்டை மாடியில் பாத்திரம் வைத்துப் பிடித்த மழைநீர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத லாரித் தண்ணீர் ஆகியவற்றைச் சுத்திகரிக்கத்தான் ஃபில்டர் வேண்டும்.

அதற்கும் முன்னதாகச் செய்ய வேண்டியது சேமிப்பு. குடிப்பதற்கும் உணவுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 3 லிட்டர் நீர் தேவை என்பது பேரிடர் நிவாரணப் பணியில் உலகெங்கும் பின்பற்றப்படும் கணக்கு. ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 45 லிட்டர். அதாவது இரண்டு 20 லிட்டர் கேன்களும் அரைக் குடமும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே இதை நிரப்பி, தரைத்தளத்தில் வைக்காமல் மாடிக்கு ஏற்றிவிடுங்கள்.

ஃபில்டர் என்று வாங்கினால், குடும்பத்துக்கு உறிஞ்சுகுழல் ஏற்றதன்று. அதைக் கொண்டு கஞ்சி வைக்க முடியாது. கைக்குழந்தைக்கும், நோயாளிக்கும், இழுத்து உறிஞ்சத் தெம்பில்லாத முதியவருக்கும் அதனால் பயனில்லை. மேலே தொங்கவிட்ட பையிலிருந்து நீர் தானாக இறங்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அவ்வகையில் 0.02 மைக்ரான் துளையுடன், வைரஸையும் தடுப்பதாகச் சோதிக்கப்பட்டவை கிடைக்கின்றன. விலை கட்டுப்படியாகாவிட்டால் 0.1 மைக்ரான் வகையையே வாங்கி, வடிகட்டிய நீரில் குளோரின் மாத்திரை போடுங்கள். 67 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டர் தெளிந்த நீருக்கு உரியது, 8.5 மில்லிகிராம் மாத்திரை ஒரு லிட்டருக்கு. போட்டபின் முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். குளோரினுக்கு அசையாத கிரிப்டோஸ்போரிடியத்தை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஃபில்டருக்குச் சிக்காத வைரஸைக் குளோரின் கொன்றுவிடும். வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கலங்கல் நீரில் முதலிலேயே மாத்திரையைப் போட்டால், சேற்றிலும் அழுக்கிலுமே குளோரின் தீர்ந்துபோகும். அரை மணி கழித்து மெல்லிய குளோரின் வாசனை இருப்பது நல்லது. பலர் அதை முகம் சுளித்துக் கீழே ஊற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் நண்பர்களோடு மேற்குத் தொடர்ச்சி மலையில் நடைப்பயணம் போவதுண்டு. வரும் டிசம்பரில் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தாவுக்குச் செல்ல இருக்கிறாள். ஃபில்டர், புற ஊதா விளக்குப் பேனா, மாத்திரை ஆகியவற்றில் எதை வாங்கித் தருவது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பயணங்களுக்கும் ஒரே பொருளை வாங்கித் தராதீர்கள். இழை ஃபில்டருக்குப் பெரும்பகை உறைபனி. ஒருமுறை பயன்படுத்திய ஃபில்டருக்குள் எவ்வளவு உதறினாலும் சிறிது நீர் தங்கியிருக்கும். அது உறைந்து விரியும்போது இழைகளில் விரிசல் விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, நீரும் வழக்கம்போலவே வரும். கிருமியும் அதோடு வரும். உறைந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தாலே அதைக் கழித்துவிட வேண்டும் என்றுதான் உற்பத்தியாளர்களும் சொல்கிறார்கள். சுமார் 3,800 மீட்டர் உயரமுள்ள கேதார்காந்தாவில், டிசம்பர் இரவில், இரவெல்லாம் ஃபில்டரைப் படுக்கைப் பைக்குள் உடம்போடு அணைத்து வைத்திருந்தால்தான் அது பிழைக்கும்.

அங்கே பனிக்கட்டியை உருக்க எப்படியும் அடுப்பு மூட்டுவார்கள் என்பதால் கொதிநீரே சிறந்தது. அந்த உயரத்தில் நீர் ஏறத்தாழ 87 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அந்தச் சூடு போதும். ஆனாலும் 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடமும், அதற்குக் கீழே ஒரு நிமிடமும் தளதளவென்று கொதிக்க விடுவது பாதுகாப்பான வழக்கம். புற ஊதாப் பேனா தெளிந்த நீரில் நன்றாக வேலை செய்யும். ஒரு லிட்டருக்கு ஒன்றரை நிமிடம் போதும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுவதால் பனிமலைக்கு அதை மட்டும் நம்பிப் போக முடியாது. மாத்திரைப் பட்டை ஒன்று பையில் இருக்கட்டும். நீர் சில்லென்று இருந்தால் மாத்திரை வேலை செய்யக் கூடுதல் நேரம் ஆகும் என்பதை மகளிடம் சொல்லிவையுங்கள். அயோடின் மாத்திரையாக இருந்தால் தைராய்டு தொல்லை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பையைப் பிழிந்து நீர் எடுக்கும் 0.1 மைக்ரான் ஃபில்டர் பொருத்தமானது. கையளவுதான் இருக்கும், மின்சாரம் வேண்டாம், கலங்கிய ஓடையையும் ஓரளவு சமாளிக்கும். சருகு ஊறிய நீர் வடிகட்டிய பிறகும் வெளிர் தேநீர் நிறத்தில் இருந்தால் பதற வேண்டியதில்லை. கரைந்த நிறத்தை இழை நீக்காது. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் நீரை மட்டும் எடுக்க வேண்டாம், ஏனெனில் பூச்சிமருந்தும் அப்படித்தான் கரைந்து வரும். ஓடைக்கு மேற்புறம் என்ன இருக்கிறது என்பது உடன் வரும் உள்ளூர் வழிகாட்டிகளுக்குத் தெரியும். 2024 இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளிலும் அத்தகைய வழிகாட்டிகளோடுதான் செல்ல முடியும். புறப்படும்போதே அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஃபில்டரோடு தரப்படும் பை, கழுத்துப் பகுதியில் சீக்கிரம் கிழியும். ஆகவே நம் கடைகளில் கிடைக்கும் தண்ணீர் பாட்டிலின் திருகில் ஃபில்டர் பொருந்துகிறதா என்று சோதியுங்கள். அடுத்து, ஓடை நீர் மொள்ளும் பாட்டில் வேறு, குடிக்கும் பாட்டில் வேறு என்று நிறத்தாலோ நாடாவாலோ அடையாளம் வையுங்கள். இவ்வளவு பாடுபட்டு வடிகட்டிவிட்டு, திருகில் ஒட்டியிருந்த ஓடைத் துளி குடிபாட்டிலின் வாயில் சொட்டுவதைக் கவனிக்காமல் விடுபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: எங்கள் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று ஆய்வில் தெரிந்தது. முகாமுக்குச் செல்வோர் பயன்படுத்தும் இத்தகைய ஃபில்டர் அதை நீக்குமா?
– வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: நீக்காது. ஃப்ளோரைடும் உப்பும் நீரில் கரைந்தவை, 0.02 மைக்ரான் துளையும் அவற்றுக்கு வாசல்தான். கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, ஃப்ளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். இந்தியக் குடிநீர்த் தரநிலையின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துங்கள், அல்லது ஆர்.ஓ. கருவி வையுங்கள். கிணற்று நீர் குளிக்க, துவைக்க இருக்கட்டும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் ஊரில் குடிநீர்க் குழாய்கள் உடைந்தன. பாட்டி சொன்னபடி தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டும், படிகாரம் கலக்கியும், துணியில் வடிகட்டியும் குடித்தோம். இவையே போதாதா, ஃபில்டருக்கு எதற்குச் செலவு?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தங்கள் பாட்டி செய்தது முதல் படி, அதில் பிழையில்லை. குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தாலும், படிகாரத்தைச் சுழற்றினாலும், நீரில் மிதக்கும் நுண்மண் ஒன்றோடொன்று திரண்டு கனத்து அடியில் படிகிறது. அதோடு கிருமிகளில் ஒரு பகுதியும் படியும். துணியையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர் நடத்தி 2003 இல் வெளியிட்ட ஆய்வில், பல அடுக்காக மடித்த பழைய சேலையில் வடிகட்டிக் குடித்தவர்களிடையே காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி நீரில் வாழும் மிகச் சிறிய மிதவை விலங்குகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிருமியை விடப் பெரிதான அந்த விலங்குகள் சேலையில் சிக்குகின்றன. துவைத்துத் துவைத்து நூல் உப்பிய பழைய புடவையில் இடைவெளி குறைவாக இருப்பதால், புதுத் துணியை விட அதுவே நன்றாக வடிகட்டும்.

பாதி குறைந்தது என்றால் மீதிப் பாதி இருக்கிறது என்றும் பொருள். தெளியவைத்து, துணியில் வடிகட்டிய பிறகு, கொதிக்க வையுங்கள் அல்லது குளோரின் மாத்திரை போடுங்கள். அடுப்பும் விறகும் இருந்தால் ஃபில்டர் வாங்காமலேயே காலம் தள்ளலாம். வெள்ளத்தில் விறகு நனைந்து, சிலிண்டர் தீர்ந்த வீட்டுக்குத்தான் ஃபில்டரும் மாத்திரையும் கைகொடுக்கும்.

கேள்வி: சில ஆண்டுகளுக்கு முன் வாங்கிப் பரணில் போட்ட ஃபில்டரை எடுத்துப் பார்த்தால் சொட்டுச் சொட்டாகத்தான் நீர் வருகிறது. தூக்கி எறிய வேண்டியதுதானா?
– வாசகர், மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள். காய்ந்துபோன இழைகள் நீரை விடாது. வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, உடன் வந்த சிரிஞ்சில் சுத்தமான நீரை நிரப்பி, குடிக்கும் முனையிலிருந்து எதிர்த்திசையில் அழுத்திப் பீய்ச்சுங்கள். முதலில் பழுப்பாக வரும். தெளிந்து வரும்வரை தொடருங்கள். அப்படியும் வேகம் கூடாவிட்டால், கடின நீரின் உப்புப் படிந்திருக்கலாம். வெள்ளை வினிகரில் அரை மணி ஊறவைத்து மீண்டும் பீய்ச்சினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கெட்ட வாடையோ பூசணமோ இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இழை உடைந்திருக்கிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நன்றாக நனைந்த ஃபில்டரின் குடிக்கும் முனையில் வாய் வைத்து ஊதுங்கள். உள்ளே நிற்கும் நீர் கொஞ்சம் வெளியேறிய பிறகு காற்று அடைபட்டு நிற்க வேண்டும், ஏனெனில் நனைந்த நுண்துளையில் தங்கிய நீரைத் தள்ளிக்கொண்டு போக வாயால் ஊதும் அழுத்தம் போதாது. மறுமுனையை ஒரு டம்ளர் நீரில் வைத்து ஊதும்போது குமிழிகள் தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தால் இழை கிழிந்திருக்கிறது. மறுபடி பரணில் வைக்குமுன், உற்பத்தியாளர் சொல்லும் அளவில் நீர்த்த வாசனையற்ற ப்ளீச்சைச் செலுத்தி, உதறி, சில நாள் காற்றாட நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: பெட்டியின் மேல் எதைப் படித்துப் பார்த்து வாங்குவது?
– வாசகர், திருச்சி

பதில்: துளையின் அளவு மைக்ரானில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றுக்கும் தனித்தனி எண் இருக்கிறதா என்று பாருங்கள். வைரஸ் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அது வைரஸைத் தடுக்காத வகை என்றே கொள்ளுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் (இ.பி.ஏ.) 1987 ஆம் ஆண்டு வழிகாட்டி நெறி, பாக்டீரியாவுக்கு 99.9999, வைரஸுக்கு 99.99, ஒட்டுண்ணிக்கு 99.9 சதவீதம் என்று கேட்கிறது. நல்ல உற்பத்தியாளர்கள் அதையோ, என்.எஸ்.எஃப். என்ற தரச்சோதனை அமைப்பின் பி231 நெறியையோ குறிப்பிடுவார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2014 முதல் வீட்டுக் குடிநீர்ச் சாதனங்களைச் சோதித்து நட்சத்திரத் தரவரிசை அளித்து வருகிறது. மூன்று நட்சத்திரமோ இரண்டு நட்சத்திரமோ பெற்றவை மூவகைக் கிருமிகளுக்கும் பாதுகாப்புத் தருபவை. உள்ளே கரித்துண்டு இருந்தால் குளோரின் வாடையும் சுவையும் சீராகும், ஆனால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்; மாற்றுக் கரி இங்கே தனியாகக் கிடைக்கிறதா என்பதை வாங்குமுன்னரே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.